வி.ஓ.2 மேக்ஸ் சோதனை எடுத்தால் மாரத்தான் நேரம் குறையுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 38, ஊர் கோவை. 10 கி.மீ. 43 நிமிடம், அரை மாரத்தான் 1 மணி 38 நிமிடம். முழு மாரத்தான் மட்டும் மூன்று முறை ஓடியும் (அதில் இரண்டு சென்னையில்) 3 மணி 42 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. 30 கி.மீ. தாண்டியதும் கால் கல்லாகிவிடுகிறது. வாரத்துக்கு 45 கி.மீ. ஓடுகிறீர்கள், ஈஸி ரன் (சிரமமில்லாமல் நிதானமாக ஓடும் பயிற்சி) கிலோமீட்டருக்கு 5:20 வேகத்தில். போட்டியில் இரண்டு சர்க்கரை ஜெல் பாக்கெட் எடுத்துக்கொள்கிறீர்கள். கைக்கடிகாரம் வி.ஓ.2 மேக்ஸ் (உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன்) 49 என்கிறது. போன வருடம் ஆஸ்பத்திரியில் டி.எம்.டி. (டிரெட்மில் இதயச் சோதனை) எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். இப்போது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடும் சோதனையை எடுத்தால் நேரம் குறையுமா, இல்லை இதெல்லாம் வியாபாரமா என்று கேட்கிறீர்கள். சோதனையைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். நான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதை ஒரு இயந்திரம் காட்டிக்கொடுக்குமா என்பதுதானே?

நான் உடற்பயிற்சி உடலியங்கியல் படித்தவன். ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எனவே சோதனைக்கு ஆதரவாகத்தான் பேசுவேன் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அது நியாயம். நான் மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்து மட்டுமே பேசுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தச் சோதனையும் தானாக ஒரு நொடியைக்கூடக் குறைக்காது. சோதனை முடிவைப் பார்த்து உங்கள் பயிற்சியில் ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் அதற்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம். அந்த வகையில் பார்த்தால், எல்லாரும் பேசும் வி.ஓ.2 மேக்ஸ் எண்தான் உங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்படப் போகிறது.

டி.எம்.டி. பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம், நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டி டிரெட்மில்லில் நடக்கவிடுவது இதயத்துக்கு ரத்த ஓட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. பெரும்பாலும் புரூஸ் முறைப்படி, மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஓட்டத் திறனை அளப்பது அதன் வேலை இல்லை. அதே சமயம், ஆய்வகத்தில் உச்சம்வரை ஓடுவதற்கு முன்னால் அது நார்மலாக இருப்பது நல்லது. குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உச்ச சோதனைக்குப் போகாதீர்கள். நார்மல் என்று வந்ததாலேயே எல்லா ஆபத்தும் நீங்கிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வி.ஓ.2 மேக்ஸ் என்பது ஒரு நிமிடத்தில் உங்கள் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவு. உடல் எடைக்கு வகுத்து, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்வார்கள். 1920களில் இங்கிலாந்தில் ஏ.வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் முதுகில் பை கட்டி, விடும் மூச்சை அதில் பிடித்துக்கொண்டே ஓடி, ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடினாலும் ஆக்சிஜன் பயன்பாடு கூடுவதில்லை என்று காட்டியதிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. இன்று பைக்குப் பதில் முகமூடியும் வாயு அளவியும் வந்துவிட்டன. இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவு, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் உறிஞ்சும் ஆக்சிஜன் இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் இந்த எண். ஆகவே இதயத்தின் கொள்ளளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், தசைக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு இது. அது முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. 45 உள்ளவர் எப்படி முயன்றாலும் 2 மணி 10 நிமிடத்தில் மாரத்தான் ஓட முடியாது.

ஆனால் ஓரளவு ஒரே தரத்தில் இருப்பவர்களுக்குள் யார் ஜெயிப்பார் என்று இந்த எண் சொல்லாது. ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-இல் மாரத்தானை 2:08:34-இல் ஓடி உலகின் சிறந்த நேரத்தை வைத்தவர்; அவருடைய வி.ஓ.2 மேக்ஸ் 69.7 என்று பதிவாகியிருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டருக்கு 71.3. அதே மியூனிக்கில் 5,000 மீட்டரில் நான்காவதாக வந்த ஸ்டீவ் பிரிஃபாண்டேனுக்கு 84.4. நார்வேயின் ஆஸ்கர் ஸ்வென்சன் என்ற சைக்கிள் வீரருக்கு 2012-இல் 18 வயதில் கிட்டத்தட்ட 97 என்று அளந்தார்கள். இதுவரை பதிவானவற்றில் உச்சமான எண்களில் ஒன்று. அந்த ஆண்டு ஜூனியர் உலக டைம் டிரயல் பட்டம் வென்றார், அதன்பின் ஓரிரு ஆண்டுகளிலேயே போட்டி சைக்கிளை விட்டுவிட்டார். அந்த எண் அவருக்கு ஒரு கதவைத் திறந்தது, உள்ளே போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

நீண்ட தூர ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று என்று இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒன்று வி.ஓ.2 மேக்ஸ். இரண்டாவது, அதில் எத்தனை சதவீதத்தை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. தசை சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் ஏறத் தொடங்கும் வேகம், அதாவது லாக்டேட் வரம்பு, இதன் அடையாளம். மூன்றாவது ஓட்டச் சிக்கனம், அதாவது ஒரே வேகத்தில் ஓட யாருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது. பைக்குக்கு சி.சி. எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதில்லையா, அது மாதிரி. 1991-இல் அமெரிக்க உடலியங்கியலாளர் மைக்கேல் ஜாய்னர் இந்த மூன்றிலும் மிகச் சிறந்த மதிப்புகள் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மாரத்தானை எவ்வளவு நேரத்தில் ஓடலாம் என்று கணக்குப் போட்டார். வந்த விடை 1:57:58. அப்போது உலக சாதனை 2:06:50. பலர் சிரித்தார்கள். 2019-இல் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே, வேகம் பிடித்துக் கொடுக்கும் ஆட்களுடன், சாதனைக் கணக்கில் சேராத ஓட்டமாக 1:59:40 ஓடியபிறகு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள்.

சோதனை ஒரு வீரருக்கு உண்மையில் என்ன செய்யும் என்பதற்கு என்னிடம் கேட்டால் நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப். பிரிட்டனின் உடலியங்கியலாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரை 1992-இலிருந்து 2003 வரை தொடர்ந்து சோதித்தார், அந்த விவரங்களைப் பின்னர் கட்டுரையாக வெளியிட்டார். பதின்ம வயதிலேயே அவருடைய வி.ஓ.2 மேக்ஸ் சுமார் 70. பதினோரு வருடம் கழித்து லண்டனில் 2:15:25 ஓடி உலக சாதனை படைத்தபோதும் அது சுமார் 70தான். அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இத்தனை வருடப் பயிற்சியும் வீண் என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில் அவருடைய ஓட்டச் சிக்கனம் 15 சதவீதம் மேம்பட்டிருந்தது. லாக்டேட் முதலில் ஏறத் தொடங்கும் வேகம் மணிக்கு 14-15 கி.மீ.-இலிருந்து 17.5-18.5 கி.மீ.-க்கு நகர்ந்திருந்தது. 2019 அக்டோபர் வரை யாரும் அந்தச் சாதனையைத் தொடவில்லை. இதே ஜோன்ஸ் 1998-இல் ஓர் ஒலிம்பிக் வீராங்கனையைப் பற்றி, பெயர் சொல்லாமல், எழுதிய கட்டுரை இன்னும் வேடிக்கை: 1991-இலிருந்து 1993-க்குள் 3,000 மீட்டர் நேரம் 8 சதவீதம் மேம்பட்டது, வி.ஓ.2 மேக்ஸோ 73-இலிருந்து 66-க்கு இறங்கியிருந்தது.

ராட்கிளிஃபின் சிக்கனம் எதனால் கூடியது என்று கேட்டால், அங்கேதான் உறுதி குறைகிறது. வருடக்கணக்கில் ஓடிய தூரம், தசைநார்களின் விறைப்பு கூடியது, வலுப் பயிற்சி என்று காரணங்கள் சொல்லலாம். ஓர் ஆளின் கதையை வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பலரை வைத்துச் செய்த ஆய்வுகளில் கனமான எடைப் பயிற்சியும் துள்ளல் பயிற்சியும் சிக்கனத்தை 2 முதல் 8 சதவீதம் வரை கூட்டுகின்றன என்பது ஓரளவு நன்றாகவே நிறுவப்பட்டிருக்கிறது. கார்பன் தகடு வைத்த ஷூக்களும் அப்படித்தான்: 2018-இல் வந்த முதல் ஆய்வில் சராசரி மிச்சம் 4 சதவீதம். ஆனால் அந்தச் சராசரிக்குப் பின்னால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம், மெதுவாக ஓடுகிறவர்களுக்குப் பலன் குறைவு.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். 10 கி.மீ. 43 நிமிடம் ஓடுகிறவர், அதற்கேற்ற நீண்ட தூரப் பயிற்சி இருந்தால், மாரத்தானை ஏறக்குறைய 3 மணி 18 நிமிடத்தில் முடிக்கலாம் என்று வழக்கமான கணிப்புச் சூத்திரம் சொல்கிறது. உங்கள் கடிகாரம் சொல்லும் 49-ம் இதற்கு ஒத்துப்போகிறது. ஆக, வி.ஓ.2 மேக்ஸ் பற்றாமல் நீங்கள் மாட்டவில்லை. ஆய்வகத்தில் போய் அளந்தால் 47 வரலாம், 52 வரலாம். இரண்டில் எது வந்தாலும் அடுத்த நாள் காலை நீங்கள் செய்யும் ஓட்டம் மாறப்போவதில்லை. அரை மாரத்தான் 1:38 என்பதும் 10 கி.மீ. நேரத்தோடு பெரும்பாலும் பொருந்துகிறது, கொஞ்சம்தான் சறுக்கல். சரிவு முழுக்க அதற்குப் பிறகுதான். உங்கள் மாரத்தான் வேகம் கிலோமீட்டருக்கு 5:16. ஈஸி ரன் 5:20. போட்டியும் ஈஸி ஓட்டமும் ஒரே வேகத்தில் இருப்பது, எந்த இயந்திரமும் இல்லாமலே எனக்கு நிறையச் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் லாக்டேட் சோதனை உங்களுக்கு ஓரளவு உதவும், வி.ஓ.2 மேக்ஸைவிட நிச்சயமாக அதிகம். அது எப்படி நடக்கும் என்றால், உங்கள் மாதிரி ஆளுக்கு மணிக்கு 8 அல்லது 9 கி.மீ.-இல் தொடங்குவோம். வெளியில் இருக்கும் காற்றுத் தடையை ஈடுகட்ட டிரெட்மில்லை 1 சதவீதம் ஏற்றி வைப்பது வழக்கம். ஒவ்வொரு வேகத்திலும் நான்கு நிமிடம் ஓட்டம், பிறகு அரை நிமிடம் நிறுத்தம், காது மடலிலோ விரல் நுனியிலோ ஒரு சொட்டு ரத்தம், அடுத்த வேகம் 1 கி.மீ. கூடுதல். மெதுவான வேகங்களில் லாக்டேட் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவிலேயே கிடக்கும். ஒரு கட்டத்தில் மெல்ல எழும்பத் தொடங்கும், அது முதல் வரம்பு. இன்னும் கூட்டினால் ஓரிடத்தில் கட்டுக்கடங்காமல் ஏறும், அது இரண்டாவது. முதல் வரம்புக்குக் கீழே மணிக்கணக்கில் ஓடலாம். இரண்டாவதுக்கு மேலே நிமிடக்கணக்கில்தான் தாங்கும். மாரத்தான் ஓட்டம் இவை இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. நல்ல ஓட்டக்காரர்கள் இரண்டாவதுக்கு நெருக்கமாக ஓடுவார்கள், உங்களைப் போன்றவர்கள் முதலாவதை ஒட்டி.

லாக்டேட் ஒரு விஷம், அதுதான் காலைக் கடுக்க வைக்கிறது என்று இன்னமும் சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அது பழைய நம்பிக்கை. ஒரு தசையில் உண்டாகும் லாக்டேட்டை இன்னொரு தசையும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்று 1980களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸ் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். நாங்கள் அதை அளப்பது அது கெடுதி என்பதற்காக இல்லை. உடல் எந்த வேகத்தில் எந்த எரிபொருளுக்கு மாறுகிறது என்பதன் அடையாளமாக அது இருப்பதால் அளக்கிறோம். அதேபோல 4 மில்லிமோல்தான் வரம்பு என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள். 1970களில் ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்த அந்த எண் ஒரு சராசரி மட்டுமே. சிலருக்கு இரண்டாவது வரம்பு 3-க்குக் கீழேயே வந்துவிடும், சிலருக்கு 6-ஐத் தாண்டும். முதல் வரம்பை எங்கே குறிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை: ஒரே தாளை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால் மணிக்கு அரை கி.மீ. வித்தியாசத்தில் குறிப்பார்கள்.

பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி மாரத்தானில் தடுமாறுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒரே மாதிரியான லாக்டேட் கோடு. இரண்டாவது வரம்பு நல்ல இடத்தில் இருக்கும். முதலாவது மிகக் கீழே இருக்கும், நடுவில் ஒரு பெரிய இடைவெளி. அவர்களுடைய ஈஸி ரன் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் விழும். ஈஸியாகவும் இல்லை, டெம்போவாகவும் (சீரான வேக ஓட்டம்) இல்லை. வாரத்துக்கு 45 கி.மீ.-க்கு மேல் தாங்க முடியாமல் போவதற்கும் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். உங்கள் கோடும் இப்படி இருக்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன், ஆனால் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். அப்படி வந்தால் நான் சொல்லப்போவது: ஈஸி ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் அல்லது அதற்கும் மெதுவாக இறக்குங்கள், வார தூரத்தைச் சில மாதங்களில் படிப்படியாக 60-65 ஆக்குங்கள். ரன்னிங் குரூப்பில் பின்தங்கி ஓடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இந்தச் சோதனையைக் கெடுப்பதும் சுலபம். முந்தின நாள் கடுமையாக ஓடிவிட்டு, சாதத்தையும் குறைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால் தசையில் கிளைக்கோஜன் (சேமித்த மாவுச்சத்து) குறைந்திருக்கும். அப்போது லாக்டேட் குறைவாகவே உண்டாகும், கோடு வலப்பக்கம் நகர்ந்து நீங்கள் பெரிய வீரர்போலத் தெரிவீர்கள். வியர்வை ஒரு துளி ரத்தத்தோடு கலந்தாலும் எண் பொய்யாகும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். கையடக்கக் கருவிகளில் 0.2, 0.3 மில்லிமோல் தள்ளாட்டம் சாதாரணம். வி.ஓ.2 மேக்ஸும் ஒரே ஆளுக்கு வேறு வேறு நாளில் 3 முதல் 5 சதவீதம் மாறும். அதனால் மூன்று மாதத்தில் 49 என்பது 50 ஆகிவிட்டது என்று யாராவது கைகுலுக்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அது முன்னேற்றமா வெறும் அளவீட்டுத் தள்ளாட்டமா என்று அவருக்கும் தெரியாது.

இதையெல்லாம் தாண்டி, உங்கள் விஷயத்தில் ஆய்வகம் பார்க்கவே பார்க்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் சோதனைக்குத் தூங்கி எழுந்து, ஓய்வெடுத்து, புதிய காலோடு வருவீர்கள். உங்கள் பிரச்சினை 30-ஆவது கி.மீ.-இல். இரண்டு மணி நேரம் ஓடியபிறகு அதே ஆளைச் சோதித்தால் வரம்பும் இறங்கியிருக்கும், சிக்கனமும் கெட்டிருக்கும், அந்த இறக்கம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். கடந்த சில வருடங்களாக இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் நான்காவது காரணியாக எங்கள் துறை பேசிக்கொண்டிருக்கிறது. ஜோன்ஸும் அதில் ஒருவர். சைக்கிள் வீரர்களிடம் செய்த ஓர் ஆய்வில் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டியபின் தாங்கக்கூடிய உச்ச சக்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. நடுவில் மாவுச்சத்து கொடுத்தபோது அந்தச் சரிவு வரவில்லை. இதை எப்படிப் பயிற்சியில் கூட்டுவது என்பதற்கு இன்னும் தெளிவான பதில் கிடையாது. அதிக தூரம், நீண்ட லாங் ரன், லாங் ரன்னின் கடைசியில் கொஞ்சம் வேகம் என்று பயிற்சியாளர்கள் செய்வது அனுபவத்திலிருந்து வருவது, ஆய்விலிருந்து இல்லை.

அதற்காகத்தான் உங்கள் இரண்டு ஜெல்லைப் பார்த்ததும் நிறுத்திப் படித்தேன். 70 கிலோ ஆள் மாரத்தான் ஓட ஏறக்குறைய 2,900 கிலோகலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து 400-500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரிக்குக் கீழே அல்லது அதை ஒட்டி. கொழுப்பு மீதியைக் கொடுக்கும், ஆனால் மெதுவாக. இரண்டு ஜெல் என்றால் சுமார் 50 கிராம், மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 14 கிராம்கூட வரவில்லை. பரிந்துரை மணிக்கு 60 கிராம். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து எடுத்தால் 90 வரை குடல் ஏற்கும். ஒரே நாளில் 14-இலிருந்து 60-க்குத் தாவினால் வயிறு கலங்கிவிடும், லாங் ரன்களில் பழக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த மிஷினும் இதைச் சொல்லாது, காசும் அதிகம் ஆகாது. உங்கள் 24 நிமிட இடைவெளியில் பெரிய பங்கு இதில் இருக்கலாம் என்பது என் ஊகம்.

சென்னை விஷயம் தனி. ஆய்வகத்தில் ஏ.சி. 21 டிகிரியில் ஓடும். ஜனவரி மாதச் சென்னையில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அடர்ந்திருக்கும், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், தோலுக்குப் போகும் ரத்தம் கூடும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு பத்து பதினைந்து கூடி ஓடும். குளிர் அறையில் குறித்துக் கொடுத்த இதயத்துடிப்பு எல்லைகளை அங்கே அப்படியே பிடித்துக்கொண்டால் ஒன்று மிக மெதுவாக ஓடுவீர்கள், அல்லது எல்லையை மறந்துவிட்டு வேகத்தைப் பிடித்து 30-இல் நிற்பீர்கள். கோவையில் பயிற்சி செய்து சென்னையில் ஓடுகிறவர்களுக்கு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் தேவை. அதன் முதல் பலன் ரத்தத்தில் திரவ அளவு கூடுவது.

கூடவே விற்கப்படும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தின் வி.ஓ.2 மேக்ஸ் ஆக்சிஜனை அளப்பதில்லை. வேகத்தையும் இதயத்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. உங்கள் உச்ச இதயத்துடிப்பு தவறாகப் பதிவாகியிருந்தால் எல்லாமே தவறு. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஆளுக்கு ஆள் 10-12 துடிப்பு தள்ளிப்போவது சகஜம். கொழுப்பை எரிக்கும் உகந்த வேகம் என்று கொடுக்கும் படம் முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தே மாறிவிடும். எச்சில் அனுப்பி ஓட்டக்கார மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம்: 2015-இல் இந்தத் துறை வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையே பயிற்சியைத் தீர்மானிக்க அது பயன்படாது என்று சொல்லிவிட்டது. பயிற்சிக்கு உடல் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. ஹெரிட்டேஜ் என்ற பெயரில் நடந்த ஆய்வில் 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்தும் சிலருக்கு வி.ஓ.2 மேக்ஸ் அசையவே இல்லை, சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடியது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஒரு மரபணு சொல்லாது.

இவற்றையெல்லாம் விடக் குறைந்த செலவில் முதலில் செய்ய வேண்டியது, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜனைத் தாங்கும்; அது குறைந்தால் மேலே சொன்ன எல்லாமே குறையும். நம் நாட்டில் இது சிறிய விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓட்டக்காரப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் வி.ஓ.2 மேக்ஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பார்க்காமலே இரும்பு மாத்திரை விழுங்க ஆரம்பிக்காதீர்கள், அதிகமானாலும் கெடுதல்.

உச்சத்தில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு சோதிக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கு 1 சதவீதமே பதக்கம், அதோடு அவர்கள் ஒருமுறை அளந்துவிட்டுப் போவதில்லை. நார்வேயில் மரியஸ் பாக்கன் என்ற 5,000 மீட்டர் ஓட்டக்காரர், பிற்பாடு மருத்துவர், ஓட்டத் தடத்திலேயே காதில் குத்தி லாக்டேட்டை அளந்து பயிற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கத்தை வளர்த்தார். அதே பாதையில் போனவர்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற யாக்கப் இங்கெப்ரிக்சென். அவர்கள் லாக்டேட் பார்ப்பது வேகத்தைக் கூட்ட இல்லை, பெரும்பாலும் அடக்கிவைக்க. ஒரே நாளில் காலையும் மாலையும் வரம்பு ஓட்டம் என்ற அவர்களுடைய முறையை வாரம் 45 கி.மீ. ஓடும் ஒருவர் காப்பியடித்தால் காயம்தான் மிஞ்சும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்குப் பயணச் செலவை மிச்சம் பிடிப்பேன். மூன்று மாதம் ஈஸி ரன்னை உண்மையாகவே மெதுவாக்கி, ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முதல் வரம்புக்கு இந்தப் பேச்சுச் சோதனை மோசமான அளவுகோல் இல்லை. மாதம் ஒருமுறை ஒரே பாதையில் ஒரே வேகத்தில் 90 நிமிடம் ஓடி, முதல் பாதியின் சராசரி இதயத்துடிப்பையும் இரண்டாம் பாதியின் சராசரியையும் ஒப்பிடுவேன். 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த வேகம் இன்னும் உங்களுக்கு ஈஸி இல்லை. இதற்குப் பிறகும் அடுத்த மாரத்தானில் 3:30 கூடத் தொடவில்லை என்றால் அப்போது லாக்டேட் சோதனைக்குப் போங்கள், ஏனென்றால் அப்போது என் ஊகம் தவறு, எங்கே தவறு என்று பார்க்க எண்கள் வேண்டும்.

போகும்போது முந்தின இரண்டு நாள் கடின ஓட்டம் வேண்டாம், வழக்கமான சாப்பாடு, வழக்கமான காபி, போட்டியில் போடும் ஷூ. மறுபடி சோதிப்பதானால் 10-12 வாரம் கழித்து, அதே லேப், அதே மிஷின், அதே நேரம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு வேகத்திலும் என்ன இதயத்துடிப்பு, என்ன லாக்டேட், எவ்வளவு ஆக்சிஜன் என்ற மூல எண்களைத் தருவீர்களா என்று. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஐந்து வண்ணப் பட்டை போட்ட அறிக்கை மட்டும்தான் கிடைக்கும் என்றால் வேறு லேப் பாருங்கள்.